துண்டுக்கு அடியில் ஒரு வாரம்

"ஏனுங்க, வருசத்துக்கு ஒரே ஒரு வாரமுங்க. நீங்களும் நானும் மட்டும்" என்று கைப்பேசியைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் கனகம்.

அதில் ஒரு மலை விடுதி சுழன்று வந்தது. கட்டில், பால்கனி, பால்கனிக்கு அப்பால் மேகம். விடுமுறைத் திட்டம் விற்கும் கம்பெனிப் பெண் ஒருத்தி, இப்போதே பணம் கட்டினால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வருடம் ஒரு வாரம் அந்த அறை அவர்களுடையது என்று வீடியோவில் கொஞ்சினாள்.

"பல்லைப் புடிச்சுப் பாக்காம நான் கன்னுக்குட்டியே வாங்கமாட்டேன்" என்றார் லட்சுமிநாராயணன். "இதுல மலை மேல ஊடு வாங்கறதா? வெலைய எப்படிப் பேசறது? துண்டைப் போன் மேல போடறதா?"

பொள்ளாச்சிச் சந்தையில் அவர் மாடு வாங்குவது துண்டு போட்டுத்தான். விற்பவன் கையையும் தன் கையையும் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி முடிந்த பேச்சு மாறியதே இல்லை என்பது அவருடைய பெருமை.

கனகம் கைப்பேசியை அணைத்தாள். தேனிலவு என்று மைசூர் போனபோது மாமனாரும் கூட வந்தார். திரும்பும்போது இரண்டு மாடுகளும் சேர்ந்துகொண்டன. பழனி என்றால் வேன் நிறையச் சொந்தக்காரர்கள். மகள் நவ்யா கல்யாணமாகிப் பெங்களூரு போன பிறகாவது இருவரும் தனியாகப் போவோம் என்று நினைத்தாள். அதற்குள் கொப்பரை விலை ஏறி, அவர் தென்னந்தோப்பை விட்டு நகரவில்லை.

"செரி, மூஞ்சியத் தூக்கிக்காத அம்மணி. அந்தக் கம்பெனிக்காரங்க கோயமுத்தூர்ல ஓட்டலுக்கு நேர்லயே கூப்புடறாங்கல்ல, அங்க போலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவிநாசி சாலை ஓட்டலுக்குப் புறப்பட்டபோது, அவருக்குத் தெரியாமல் கார் டிக்கியில் ஒரு பெட்டியை வைத்தாள் கனகம். கையெழுத்துப் போட்டதும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

குளிரூட்டிய கூடத்தில் மேசைக்கு ஒரு தம்பதி. அவர்கள் மேசைக்கு டை கட்டிய யஷ்வந்த் வந்தான். சென்னைப் பையன். "வெல்கம் டு தி ஃபேமிலி, சார்!"

"இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள சம்பந்தியா? ரூமைக் காட்டுங்க தம்பி."

யஷ்வந்த் சுவரில் இருந்த பெரிய திரையை இயக்கினான். கட்டில், பால்கனி, மேகம்.

"இது போன்ல பாத்ததுதானுங்க" என்றாள் கனகம்.

"இங்க ஃபோர்-கே மேடம்."

"அதாவது, அதே மாடு. கயிறு மட்டும் புதுசு" என்றார் லட்சுமிநாராயணன். "எங்க வாரம் எது தம்பி? மே மாசமா?"

"மே ரெட் சீசன் சார், கூட்டம் ஜாஸ்தி, ரேட்டும் ஜாஸ்தி. உங்க திட்டம் ப்ளூ. ஜூலை, ஆகஸ்ட்ல, ரூம் காலியா இருந்தா..."

"மழை கொட்டறப்ப. அதும் காலியா இருந்தா."

பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட, ஊழியர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் கனகத்தின் பக்கம் சாய்ந்தார். "சந்தையில வித்தவன் அழுவான், வாங்குனவன் திட்டுவான். விக்கறவனே கை தட்டுனா மாட்டு ஒடம்புல எங்கியோ கெட்ட சுழி இருக்குது."

இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்தார். யஷ்வந்தின் கை மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார்.

யஷ்வந்த் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். "சார்! என்ன பண்றீங்க?"

"வெல பேசறேன்."

"வெலைய நான் குறைக்க முடியாது சார். ஹெட் ஆபீஸ்ல, மும்பையில கேக்கணும். போன் போடட்டுமா?"

லட்சுமிநாராயணன் தன் கை மட்டும் மிஞ்சிய துண்டைப் பார்த்தார். "கேட்டியா கனகம்? பெட்ரோல் போட்டு நேர்ல வந்தா, இவரு இங்கிருந்து போன் போடறாராம். நேர்ல வந்தும் இவரு போன்லதான் இருக்காரு."

கனகம் சிரிக்கவில்லை. இந்த வருடமும் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, என்ன தோன்றியதோ, துண்டுக்கு அடியில் கையை நுழைத்தாள். அவர் கையைத் தேடி இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினாள்.

அவர் திகைத்தார். முப்பது வருடமாகப் பக்கத்தில் இருந்த கை. "ரெண்டு நாளா?"

"ரெண்டே நாளு. ரெண்டே பேரு. மாடு கெடையாது."

அவர் அவள் விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.

"அஞ்சா?" என்று தலை நிமிர்ந்தாள் கனகம்.

"துண்டுக்கடியில பேசுனா மாறமாட்டேன். ஆனா துணிமணி எடுத்தாரலியே?"

"பெட்டி டிக்கியில இருக்குதுங்க. ஊட்டிக்கு உடுங்க. ரூமை நேர்ல பாத்துப்போட்டே எடுத்துக்கலாம்."

"சார், அப்ப பேப்பர்ல..." என்று நெளிந்தான் யஷ்வந்த். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"கைய உடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் கனகம், கையை இழுத்துக்கொள்ளாமல்.

"பாக்கட்டுமே. அதுக்குத்தான துண்டு போடறது."