சிறை மீண்டவளுக்கு ஓர் ஆமென்

யிஸ்கா நன்றி ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

சிறையிலிருந்து மீண்டவர் வேதமான தோராச் சுருளை வாசிக்கும்போது நடுவே எழுந்து கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். சபை பதிலுக்கு ஆமென் சொல்லி வாழ்த்த வேண்டும். காலங்காலமாக அப்படித்தான். ஆனால் யிஸ்கா இருந்தது ராணுவச் சிறை. அடுத்தவன் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டுக்காகச் சீருடை போட மாட்டேன், அதை என் வேதத்தின் பெயரால் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள். ஜெருசலேமின் அந்தச் சின்ன ஜெபக்கூடத்தில் பாதிப் பேரின் பிள்ளைகள் போர்முனையில் இருந்தார்கள். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னது ஆண்கள் யார் காதிலும் விழாத மாதிரி இருந்தது.

அவள் அப்பா அசாயேலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகளின் கொள்கை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வீட்டில் தினமும் சண்டைதான். அதற்காகப் பெற்ற பெண்ணைச் செத்தவளாக நடத்துவதா? வாசிப்பவர் அடுத்த பகுதிக்கு வாயைத் திறந்தார். அசாயேல் விறுவிறுவென்று மேடையேறி, சுருளைத் துணியால் மூடி, மேசையை ஓங்கி அறைந்தார்.

"வாசிப்ப நிறுத்துறேன்!"

அநியாயம் நடந்ததென்று நினைக்கிற எவரும் நியாயம் கிடைக்கும்வரை வாசிப்பைத் தடுக்கலாம். பழைய உரிமை. அங்கிருந்தவர்கள் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை.

சபைத் தலைவர் கெதல்யா எழுந்தார். ராணுவத்தில் அசாயேலோடு ஒரே டாங்கியில் இருந்தவர். இப்போது அவர் மகன் காஸாவில் இருந்தான்.

"டேய், வீட்ல சாப்பாடு தீஞ்சுக்கிட்டிருக்கு. எறங்கு."

"தீயட்டும். ஆமென் சொல்லு, எறங்குறேன்."

"முதுகுல குத்துனவளுக்கு ஆமெனா? அவ யூதப் பொண்ணே இல்ல!"

"ஜெயில்லேர்ந்து வந்தவங்கன்னுதான் வேதச் சட்டத்துல இருக்கு. யாரு போட்ட ஜெயில்னு இல்ல."

"இந்த நாடு இல்லேன்னா நாம எங்கடா போறது? சொல்லு!"

அதே கேள்வியை அசாயேலே மகளிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அப்போது திரை விலகியது.

"நம்மள துரத்துன கதையக் கேட்டுத்தான் மாமா நானும் வளந்தேன்," என்றாள் யிஸ்கா. "அதனாலதான் இன்னொருத்தர துரத்தப் போக மாட்டேங்கிறேன். அந்நியன ஒடுக்காதேன்னு அப்பா மூடி வச்சிருக்கிற சுருள்லயேதான இருக்கு?"

"நீ குத்தவாளி!"

"சரி, அப்படியே வச்சுக்குங்க. குத்தவாளிக்கும் நன்ம செய்யிறவரேன்னுதான நான் சொன்ன ஜெபமே இருக்கு? நல்லவங்க மட்டும்தான் சொல்லணும்னா, இங்க யாரு வாயத் தெறக்க முடியும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஆமென் சத்தமாக வந்தது. கெதல்யா பல்லைக் கடித்தார்.

"ஆமென். உனக்கு நன்ம செஞ்சவர் இன்னும் எல்லா நன்மையும் செய்யட்டும். ஆனா நீ பண்றது தப்பு. சாகுறவரைக்கும் சொல்லுவேன்."

"சொல்லுங்க மாமா. நானும் சொல்லுவேன்."

மற்றவர்கள் முணுமுணுப்பாக ஆமென் சொன்னார்கள். அசாயேல் சுருளின் துணியை விலக்கினார்.

"இருங்கப்பா," என்றாள் யிஸ்கா. "ஞாயித்துக்கெழம ராணுவத்துல திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. மறுபடியும் முடியாதுன்னு சொல்லுவேன், மறுபடியும் உள்ள போடுவாங்க. வெளிய வந்ததும் நேரா இங்கதான் வருவேன் மாமா. அப்பவும் அப்பாவ மேச தட்ட வைக்காதீங்க."