திருப்பத்தில் நின்ற பீரோ

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதனால்தான் எங்கள் தொழிலின் முதல் சட்டத்தை அன்றைக்கு நானே உடைத்தேன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் பிழைப்பு. சுமை கையில் இருக்கும்போது வாய்ச்சண்டை கூடாது. என்ன இருந்தாலும் கையைக் காலியாக்கிவிட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். படியில் கால் வைக்கும் முன் மோதிரம், செல்போன் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிடுவோம். நடுப்படியில் போன் அடித்தால் கை தானாகப் பைக்குள் போகும், அப்புறம் பிணம்தான் இறங்கும்.

அன்று ஒரே ஒரு இரும்பு பீரோ, மூன்றாவது மாடி. மேல் பக்கம் பிடித்துப் பின்னோக்கி ஏறியவன் என் தங்கச்சி புருஷன். கீழே நான். வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். மற்ற வீடுகளும் பூட்டிக் கிடந்தன.

காலையில் அவனை அழைத்துப் போக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி இடது கையால் தண்ணீர் கொடுத்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"வாளி தூக்கும்போது சுளுக்கிருச்சுண்ணே" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, உள்ளறைக் கதவைப் பார்த்துச் சொன்னாள். உள்ளேயிருந்து அவன் ஒரு செருமல் செருமினான். "இதோ வந்துட்டேங்க" என்று ஓடினாள். குரலில் அப்படியொரு குழைவு. என் தங்கச்சி, பேச ஆரம்பித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவளா இவள் என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோவைத் திருப்பினோம். எனக்குப் பின்னால் சுவர், ஒரு பக்கம் சுவர், நெஞ்சுக்கு முன்னால் பீரோ. சனியன் பிடித்த என் வாய் அங்கேதான் திறந்தது.

"மாப்ளே, தங்கச்சிக்குக் கையில என்ன?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

"அவ வாளிங்கறா, நீ பாத்ரூம்ங்கற. பேசி வெச்சுக்கலையா ரெண்டு பேரும்?"

மேலேயிருந்து அவன் சிரித்தான். "எதுத்துப் பேசினா. லேசா முறுக்கினேன். புருஷன் பொண்டாட்டி விஷயம், நீ பொத்திக்கிட்டுத் தூக்கு."

"கீழ வாடா, உன் கையை முறுக்கறேன்!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான், அவன் பிடியைத் தளர்த்தினான். விடவில்லை, தளர்த்தினான். பீரோ ஒரு படி சறுக்கி வந்து என்னைச் சுவரோடு அழுத்தியது. விலா எலும்பு வளைவது போல இருந்தது. கத்தலாம் என்றால் மூச்சு வரவில்லை, நகரலாம் என்றால் கால் வைக்க இடமில்லை.

"இப்ப சொல்லு மச்சான். யார் கையை முறுக்குவே?"

பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குலை நடுங்கிப் போனேன்.

"தப்புதான் மாப்ளே. தெரியாமப் பேசிட்டேன். கொஞ்சம் பிடிச்சுக்கோ. நீ சொல்றதுதான் சரி."

"இன்னும் கொஞ்சம் மரியாதையா."

"பிடிச்சுக்கோங்க மாப்ளே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தக் குழைவை அன்று காலையில்தான் கேட்டிருந்தேன். அதே குரல் இப்போது என் வாயிலிருந்து வந்தது. பாரம் அவன் கையில், சுவர் என் முதுகில். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கே இப்படி என்றால் அவள் ஆறு வருஷமாக எப்படி மூச்சு விடுகிறாள்?

அவனுக்குத் திருப்தி. தம் கட்டி மேலே இழுத்தான். நெஞ்சுக்குக் காற்று வந்தது.

"மாப்ளே, ஒரு நிமிஷம் சாய்ச்சு வைங்க. மூச்சு வாங்கிக்கறேன்" என்றேன், அதே குழைவோடு.

சாய்த்தான். சுமையை நடுவழியில் நிறுத்தக் கீழே இருப்பவன் எப்போதும் இடுப்பில் ஒரு முட்டுக்கட்டை செருகியிருப்பான். அதை உருவி பீரோவின் அடியில் கொடுத்தேன். குதிகாலால் இரண்டு உதை. பீரோ ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் கூரைவரை போகிற கம்பி வலையிலும் இறுகிப் பிடித்துக்கொண்டது. மேலே இருக்கிற இடைவெளியில் பூனை போகலாம், ஆள் போக முடியாது. கீழே ஒருத்தன் நின்று தூக்கிக் கொடுக்காமல் அது அசையாது. அதற்கு அவன் கீழே இறங்கிவர வேறு படி இல்லை.

பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்தேன்.

"என்ன மச்சான், தூக்கலாமா?"

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

இரண்டு படி இறங்கியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பீரோவை உலுக்கினான். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். முதல் மாடிக்கு வந்தபோது "மச்சான், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான்" என்று கேட்டது. திரும்பிப் போய் நாலு சாத்து சாத்தலாமா என்று கை துடித்தது. சாத்தினால் ராத்திரி அதை யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? இறங்கிவிட்டேன்.

வண்டியில் ஸ்டியரிங் பக்கத்திலேயே அவன் செல்போன் கிடந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

தங்கச்சி கதவைத் திறந்தாள். முதலில் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவர் எங்கண்ணே?"

"மாடியில இருக்கான். பீரோ வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. வீட்டுக்காரர் சாயங்காலம்தான் வருவாரு. அதுவரைக்கும் அவனால இறங்க முடியாது. போனும் என்கிட்ட இருக்கு."

திட்டுவாள், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அழுவாள் என்று பயந்துகொண்டே நின்றேன்.

"சாயங்காலம் வரைக்குமா?" என்று கேட்டாள். "நிஜமாவாண்ணே?"

"நிஜமா. முதல்ல கையை டாக்டர்கிட்ட காட்டுவோம். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் நம்ம வீடு."

உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வண்டி காலியாத்தானே இருக்கு. உன் சாமானையெல்லாம் ஏத்திடறேன், தூக்கறதுதானே என் வேலை" என்றேன்.

"ஒரு சாமானும் வேணாம்ணே" என்று கத்தினாள். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நீ முதல்ல வண்டியை எடு!"