நூறு வருட வாளும் பத்து நாள் துருவும்

அக்கா புருஷனுக்கு எங்கள் வீட்டில் 'அளப்பு அத்தான்' என்றுதான் பெயர். வாசலில் ஒரு முழப் பாம்பைப் பார்த்தால், கூடத்துக்குள் வருவதற்குள் அதை மூன்று முழமாக்கிவிடுவார். அதனால் அவருடைய தாத்தா குதிரைப்படையில் இருந்தார் என்பதை அக்கா உட்பட யாரும் நம்பியதில்லை.

ஒரு நாள் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கே அக்காவோடு வந்து, போர்வையில் சுற்றிய வாளை என் மேசையில் வைத்தார். பழைய ஆயுதங்களைச் சோதித்து அசலா போலியா என்று எழுதித் தருவது என் வேலை.

"தாத்தாவோடதும்மா. நல்லாப் பாரு. இன்னிக்காவது உங்க அக்கா வாயை அடைக்கணும்."

உறையிலிருந்து உருவினேன். செங்கல் நிறத் துரு, தொட்டால் விரலில் ஒட்டியது. நூறு வருடத் துரு கறுத்து இறுகிப்போயிருக்கும். இதுவோ போன வாரத்துச் சமாச்சாரம். புதுசைப் பழசாகக் காட்டப் போலிக்காரர்கள் செய்கிற வேலை. அதுவும் கொண்டுவந்தவர் அத்தான். அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

"போலி, அத்தான்."

அவர் முகம் சுண்டிவிட்டது. வாளை மறுபடி சுற்றி எடுத்துப்போகப் போர்வையை விரித்தார்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கண்ணாடி மாதிரி இருந்துச்சுடி இது! பழசாத் தெரியணும்னு உப்பையும் வினிகரையும் ஊத்தி பத்து நாளா ஊற வெச்சார். துணி துவைக்கத் தொட்டி இல்ல எனக்கு."

"பளபளன்னு கொண்டுவந்தா நம்பியிருப்பீங்களா?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். ஆளை வைத்தே வாளுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன். இந்த முறை அளந்து பார்த்தேன். பிடியருகே எட்டு மில்லிமீட்டர் தடிமன், நடுவில் ஐந்து, நுனியில் இரண்டரை. போலிக்காரர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஒரே தகட்டை வெட்டி முடித்துவிடுவார்கள். துருவைத் துடைத்ததும் வாளின் முதுகில் ஓர் எண் தெரிந்தது. உறையிலும் அதே எண். எங்களிடம் இருந்த பழைய குதிரைப்படைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த எண்ணுக்கு நேராக அத்தானின் தாத்தா பெயர் இருந்தது.

"அசல்தான், அத்தான். தாத்தா குதிரைப்படையேதான்."

அத்தான் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"முப்பது வருஷமா அதைத்தானேடி சொல்றேன்!"

சான்றிதழை எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியிருந்தது.

"துருவைப் பத்தி எழுதலையேம்மா?"

"வேண்டாம் அத்தான். உங்க மானம்தான் போகும்."

தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "எழுதிடு, துரு நான் ஏத்தினதுன்னு. தாத்தா பேர் இருக்கிற தாள். அதுல என் அளப்பு எதுவும் கலந்திருக்கக் கூடாது."