மிதிபடாத மைதானம்

என் வீட்டுக்காரருக்கு நான் ஒருத்தி, பள்ளி மைதானம் இன்னொருத்தி. இருவரில் யாருக்குச் செல்லம் அதிகம் என்று கேட்கவே வேண்டாம். தலைமையாசிரியராக இருப்பவர், காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை மேஜைமேல் இருக்கிறது என்பார். புல்லில் ஒரு திட்டு பழுத்தால் விவசாயம் படித்த தம்பியை உடனே வரவழைத்துவிடுவார்.

அந்தப் புல்லை யாரும் மிதிக்கக்கூடாது. சுற்றிலும் வேலி, வேலிக்குப் பூட்டு, சாவி இவருடைய சட்டைப்பையில். பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் சரளைக்கல் தரையில்தான் பயிற்சி செய்தது. முழங்காலில் சிராய்ப்பு இல்லாத பெண்ணை அந்த அணியில் பார்க்க முடியாது. ஆண்டுதோறும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவார்கள். கலந்துகொண்டதே பெருமை என்று இவர் நாலு வார்த்தை பேசிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்விடுவார்.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் ஒரு தடவையாவது தன் மைதானத்தில் நடக்க வேண்டும். இவ்வளவு பாடும் அதற்காகத்தான். இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். இப்போது விட்டால் விட்டதுதான்.

இடம் தேர்வு செய்யும் குழுவில் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். எல்லோரும் விசில் என்று கூப்பிடும் பழைய நடுவர் ஒருவர் உண்டு. செயலாளர் நான். எங்கள் வீட்டு விவகாரம் என்பதால், இவர் பள்ளி வந்ததும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டேன். மற்ற இருவரும் வண்டி நிறுத்த இடம், உடை மாற்றும் அறை, ஆம்புலன்ஸ் வந்து திரும்ப வழி எல்லாம் பார்த்தார்கள். விசில் வழக்கம்போல் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்று குனிந்து பார்த்தார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

ஒரே ஒரு விதிதான் உறுத்தியது. இறுதி ஆட்டத்தில் ஆடும் பள்ளியின் மைதானத்தில் இறுதி ஆட்டத்தை நடத்தக்கூடாது. நான் அதை நினைவுபடுத்தினேன். மருந்துக்கடைக்காரருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"இந்தப் பள்ளிக்கூடம் பைனலுக்கு வராதும்மா. அந்த தைரியத்துலதானே குடுக்கறோம்."

என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். வேலிக்கு வெளியே பந்து பொறுக்க வந்திருந்த அணித் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியாக, விறைப்பாக இருப்பாள். குண்டூசி என்பார்கள்.

முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இவர் பெருமையோடு வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தார். அடுத்த சுற்றிலும் ஜெயித்தார்கள். இனிப்பு வரவில்லை. காலிறுதியிலும் ஜெயித்த அன்று தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பிள்ளைகள் ஜெயித்தால் தலைவலி வரும் தலைமையாசிரியரை நான் கட்டிக்கொண்டேனே என்று சொல்லிக் காட்டினேன். போர்வையை இன்னும் மேலே இழுத்துத் தலையையும் மூடிக்கொண்டார்.

அரையிறுதியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரணி பந்தோடு ஓடும்போதெல்லாம் மனிதர் நாற்காலி நுனிக்கு வந்தார். கடைசி நேரத்தில் குண்டூசி ஒரு கோல் போட்டாள். கூட்டமே எழுந்து கத்தியது, இவர் முகத்தில் ஈயாடவில்லை. கைகொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் தலையாட்டுவதுபோல் ஆட்டினார்.

அன்று மாலையே மருந்துக்கடையின் பின்னறையில் குழு கூடி, இறுதி ஆட்டத்தைப் பாலத்துக்கு அப்பால் உள்ள பள்ளிக்கு மாற்றியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். கிண்டல் செய்ய வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

மறுநாள் மாற்று அறிவிப்பில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனபோது குண்டூசி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மைதானத்துச் சாவி வேண்டுமாம். இதுவரை ஆடியதெல்லாம் வெறும் மண்தரை, பாலத்துக்கு அப்பால் இருப்பது புல்தரை, ஒரு நாளாவது புல்லில் ஆடிப் பார்க்க வேண்டும் என்றாள்.

"புல்லு பாழாயிடும்மா."

"பைனல்தான் இங்க இல்லையே சார். இனிமே யாருக்கு சார் வெச்சிருக்கீங்க?"

குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு விவகாரத்தில் ஒதுங்கிக்கொள்வதுதானே முறை, நான் சுவரைப் பார்த்தேன்.

எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். உள்ளே வரச் சொன்னார். ஒருத்தியும் காலெடுத்து வைக்கவில்லை. இத்தனை வருடம் அதட்டிய அதட்டல் அப்படி. கடைசியில் இவரே முன்னால் நடந்து, நடுவில் போய் நின்று கையசைத்தார். அதற்கப்புறம்தான் வந்தார்கள்.

குண்டூசி ஓங்கி உதைத்தாள். சரளைக்கல்லில் எங்கேயோ ஓடிப்போயிருக்க வேண்டிய பந்து பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்குத் திகைப்பு. புல்லைப் பற்றி இவரைத் தவிர வேறு யாரைக் கேட்பாள்?

"புல்லுல பந்து இப்படித்தான் நின்னுடுமா சார்?"

இவர் பந்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார். "நான் பாத்ததே இல்ல."