சோபா போட்ட கார்

குஷன்காரரை அந்தக் காரின் பக்கத்தில் விடக் கூடாது என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். போட்டவள் அவர் மனைவி, காவல் காப்பவன் அவளுடைய தம்பி. ஒருமுறை கார்புரேட்டரைத் துடைத்துத் தருகிறேன் பேர்வழி என்று மனிதர் மூக்கை நுழைக்க, உள்ளேயிருந்து ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிக் குதித்துப் போயே போய்விட்டது. ஷெட்டையே தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு இடம் ஷெட் வாசலோடு சரி.

அவருக்குச் சோபா தைக்கிற கடை. மனைவி டவுன் பஸ் ஓட்டியவள். இன்றைக்கும் தெருவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மாதான். குழி விழுந்த சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுடைய இடுப்பு போயிற்று. இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடாதே என்றார் டாக்டர். டிப்போவில் நின்றுகொண்டே டிக்கெட் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். நிற்கலாம், படுக்கலாம். பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், முதுகில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலிக்கும்.

அப்படிப்பட்டவள், மூடிப்போன பெயின்ட் கம்பெனியின் பின்பக்கம் கிடந்த ஒரு பழைய திறந்த காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். மேலே துணிக்கூரை, வேண்டும்போது மடக்கிக்கொள்கிற ரகம். துணியை எலி தின்றிருந்தது, தரையைத் துரு தின்றிருந்தது. ஓட்ட முடியாதவளுக்குக் கார் எதற்கு என்று தெருவே வாயைப் பிளந்தது. தம்பி மட்டும் கேட்கவில்லை. அவன் மெக்கானிக்; துருப்பிடித்த இரும்பைக் கண்டால் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

இன்ஜின் வேலையை அவள் நின்றுகொண்டே செய்தாள். அடிப்பக்க வேலையைச் சக்கரம் வைத்த பலகையில் படுத்துக்கொண்டு செய்தாள். இறுகிப்போயிருந்த பிஸ்டன்களை எண்ணெயில் ஊறவைத்து, கெஞ்சி, திட்டி, கடைசியில் அசைத்துவிட்டாள். பெயின்ட் அடிக்கிறபோது தூசி விழக் கூடாதென்று நல்ல நல்ல படுக்கை விரிப்புகளாக எடுத்து ஷெட்டைச் சுற்றிக் கட்டினாள். குஷன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். முதல் தடவை இன்ஜின் உறுமியபோது கிளம்பிய புகையில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளெல்லாம் சாம்பல் நிறமாயின. அக்காவும் தம்பியும் அந்தப் புகைக்குள் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. ஒருநாள் தம்பிதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"நான் ஓட்டறேன்க்கா. நீ பக்கத்துல..." என்று ஆரம்பித்தவன், பக்கத்தில் என்ன செய்வாள், அங்கேயும் உட்காரத்தானே வேண்டும் என்று உறைக்க, அப்படியே நிறுத்தினான். அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டாள். அரைமணி நேரமாகியும் வெளியே வரவில்லை.

குஷன்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. ஷெட் வாசலில் நின்று, "ஏம்மா, சீட்டையும் மேல் துணியையும் எங்கிட்ட விடு. மத்த எதையும் தொட மாட்டேன், சத்தியமா" என்றார்.

"ஸ்பிரிங் இருக்குங்க அதுல" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"அது எனக்குத் தெரிஞ்ச ஸ்பிரிங்."

வீட்டில் அவள் முழுசாக ஒரு சினிமா பார்க்கிற அளவுக்கு உட்காரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். கூடத்துச் சோபாவின் இடது மூலை. அவள் முகம் சுளிக்கச் சுளிக்க, பிரித்துப் பிரித்துத் தைத்து அவர் கண்டுபிடித்த மூலை அது. அதையே அளவெடுத்தார். அதே ஸ்பிரிங், அதே கெட்டி நுரை, இடுப்பைத் தாங்க அதே மேடு. ஒரு நூல் கூடவோ குறையவோ விடவில்லை. பக்கத்துச் சீட்டையும் அதே மாதிரி செய்தார். கூரைத்துணியைத் தைத்து முதலிலேயே மாட்டி, மூடித் திறந்தும் பார்த்துவிட்டார். கச்சிதம். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சீட்டை மாட்டிய அன்று அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். தலை முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் நின்றது. தம்பி கூரையை இழுத்து மூடப்போனான். அது அவள் உச்சந்தலையில் இடித்து நின்றது. அவள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். ம்ஹூம்.

தம்பி அப்படியே டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மாமா! காருக்குள்ள சோபாவ போட்டுட்டீங்களே மாமா!"

குஷன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆயுசு முழுக்க முதுகை அளந்திருக்கிறார், இடுப்பை அளந்திருக்கிறார். உட்காருகிறவர்களுக்குத் தலை என்று ஒன்று இருப்பதை அளக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. சோபாவுக்கு மேலேயும் கூரை உண்டுதான், ஆனால் அது வீட்டுக் கூரை. எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகச் செய்து முடித்திருக்க, தன் பங்குக்கு வந்ததைத் தான் கெடுத்தாயிற்றே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணி வெட்டுகிற கத்தியை எடுத்தார்.

"இறங்கும்மா. பாதி நுரைய எடுத்துடறேன்."

"கத்திய கீழ வைங்க" என்றாள் அவள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுல உசரத்துல உக்காந்த மாதிரியே இருக்கு. ஏறுங்க."

"எங்க?"

"ஏறுங்கன்னா!"

"சீக்கிரம் திரும்பிடுங்கக்கா, டீ போட்டு வைக்கிறேன்" என்று தம்பி கத்தினான்.

வண்டி கிளம்பியது. முனையில் திரும்பும்போது பின்னால் முப்பது அடி நீளம் வருகிற நினைப்பில் தெருவையே வளைத்துத் திருப்பினாள். பஸ் நிறுத்தங்களில் கை தன்னால் வண்டியை ஓரங்கட்டியது. ஒரு நிறுத்தத்தில் பழைய பயணி ஒருத்தர், "டிரைவரம்மா! மார்க்கெட் போகுமா?" என்று கேட்க, "இடமில்ல!" என்று சொல்லிவிட்டு ஹாரனை ஒரு மூச்சு அடித்துக்கொண்டு போனாள்.

குஷன்காரர் ரோட்டைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். வலி வந்தால் முதலில் அவளுடைய இடது கண் சுருங்கும். மார்க்கெட் போயிற்று, பாலம் போயிற்று, ஊரும் முடிந்தது. கண் சுருங்கவில்லை. அவருக்குப் பயமே வந்துவிட்டது.

"திரும்பலாமாம்மா?"

"எதுக்கு?"

மழை பிடித்துக்கொண்டது. அவர் பதறிப்போய்க் கூரையை இழுக்க, அது இரண்டு பேர் தலையிலும் முட்டியது. "விடுங்க, நனைஞ்சா கரைஞ்சா போயிடுவோம்?" என்று அவள் சிரித்தாள். தலைமயிரெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொள்ள, வாய்க்குள் மழைத்தண்ணீர் போகப் போகச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னார். "அப்ப நீங்க எனக்கு சோபா தைக்கலியே" என்றாள்.

வயல்களுக்கு நடுவே வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தான் எதையாவது தொட்டுத் தொலைத்தோமா என்று யோசித்தபடியே குஷன்காரர் போனில் மச்சானைக் கூப்பிட்டார்.

"அக்காவுக்கு முதுகு புடிச்சுக்கிச்சா மாமா? படுக்க வச்சுக் கூட்டிட்டு வர வேன் எடுத்துட்டு வந்துடறேன்."

"அவளுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. வண்டிதான் இருமி நின்னுடுச்சு."

"இருமுச்சா? பெட்ரோல் தீந்திருக்கும். ஆனா அதுக்குள்ள தீராதே... நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் இடத்தைச் சொன்னார். மறுமுனையில் தம்பி, "அவ்வளவு தூரமா!" என்றான்.

"மாப்ள?"

"பத்து நிமிஷத்துல அக்கா வலிக்குதுன்னு திரும்பிடுவான்னு நெனச்சு கொஞ்சூண்டுதான் ஊத்தினேன் மாமா" என்றான் தம்பி. "எவ்வளவு கொண்டு வரட்டும்?"

குஷன்காரர் மனைவியைப் பார்த்தார். வண்டி நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை. மழையில் நனைந்த சீட்டில் நன்றாகச் சாய்ந்து, கையை ஸ்டீயரிங் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டேங்க் நிறைய கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள்.