விமானம் போகட்டும்

அம்பயர் என்றாலே தீபலட்சுமிக்கு ஆகாது. மைதானத்தில் நிற்பவர் மட்டுமில்லை. வீட்டின் முதல் பட்டதாரியாக அவள் ஏறி இறங்கிய இன்டர்வியூக்களில், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவளுக்கு அம்பயர்கள்தான். ஒரே பதிலுக்கு ஒருத்தர் தலையாட்டுவார், இன்னொருத்தர் சொல்லி அனுப்புகிறோம் என்பார். கடைசியில் சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு சாஃப்ட்பால் கோச்சாக வந்து சேர்ந்தாள். அங்கேயும் அதே ஆள், தொப்பி போட்டுக்கொண்டு.

பந்து வீசும் ஃபரா ஒன்பதாம் வகுப்பு. கையைக் கீழிருந்து சுழற்றி அவள் விடும் பந்து, ஏரிமேல் தாழப் பறக்கும் கொக்கு மாதிரி முழங்கால் உயரத்தில் மிதந்து வரும். சுத்தமான ஸ்ட்ரைக்; அடிக்காமல் விட்டால் எதிராளிக்குத்தான் நஷ்டம், மூன்று சேர்ந்தால் அவுட். போன மேட்சில் அம்பயர் அதை ஒரு தடவை ஸ்ட்ரைக் என்றார், அடுத்த தடவை 'பால்', தப்பான வீச்சு, என்றார். நாலு பால் சேர்ந்தால் எதிராளி மட்டையைத் தூக்காமலே முதல் பேஸுக்கு, முதல் மூலைக்கு, நடந்து போகலாம். நடந்து போனார்கள். ஃபரா மைதானத்திலும் அழுதாள், வீட்டிலும் அழுதாள், சோறு தொடவில்லை.

மறுநாள் அவள் அத்தா உமர், பைக் சீட் தைக்கிற கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். "இன்னொரு வாட்டி இப்பிடி அழுதுகினு வந்தான்னா நிறுத்திடுவேம்மா. வெளையாட்டுன்னா புள்ள சிரிச்சிகினு வரணும்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. தீபலட்சுமிக்கு அதுதான் எரிச்சல்.

அன்றிலிருந்து பிராக்டிஸில் அவளே அம்பயராக நின்றாள். நல்ல பந்துக்கெல்லாம் வேண்டுமென்றே 'பால்' என்றாள்.

"அக்கா, இது அநியாயம்," என்றாள் ஃபரா.

"அநியாயம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். கிளவுஸக் கழட்டு. திரும்பி நில்லு. திருநீர்மலைப் பக்கம் ஒரு பிளேன் போவும். அது மறையற வரைக்கும் நல்லா கோவப்படு. அப்பறம் அடுத்த பந்து."

"பிளேன் வரலன்னா?" என்றாள் பந்து பிடிக்கும் ஏஞ்சல்.

"மீனம்பாக்கம் பக்கத்துலதான் கீது. வராம எங்க போவும்?"

மேட்ச் நாளில் மழை விட்டு, ஏரியிலிருந்து வெள்ளையாக ஏதோ எழுந்து மைதானத்தின் ஓரங்களைத் தின்றுகொண்டிருந்தது. தூரத்து பேஸில் நின்ற பெண்களுக்குக் கால்களே இல்லை. அம்பயர் தோத்தாத்ரி சார். இரண்டாவது ஓவரோ மூன்றாவது ஓவரோ என்றெல்லாம் சாஃப்ட்பாலில் கிடையாது. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே அவர் ஒரு நல்ல பந்தை 'பால்' என்றார். ஃபரா கிளவுஸைக் கழற்றினாள், திரும்பினாள். வெள்ளி வயிற்றோடு ஒரு விமானம் மலைக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் கரைந்தது. திரும்பி வந்தவள் தோத்தாத்ரி சாரைப் பார்த்தாள். அவர் முகம் இன்னும் அண்ணாந்தே இருந்தது.

இடைவேளையில் வந்து சொன்னாள். "அக்கா, அவரும் பிளேனதான் பாக்கறாரு. பந்து வரும்போது கண்ணு மேல இருக்கு."

தீபலட்சுமி கவனித்தாள். உண்மைதான். விமானம் வந்தால் அந்த மனுஷன் மைதானத்திலேயே இல்லை.

"யாரை ஏத்தி அனுப்பிச்சாரோ," என்றாள் ஏஞ்சல்.

"யாரையோ அனுப்பிக்கட்டும். ஸ்ட்ரைக்கு நம்மளுது."

அதற்கப்புறம் விமானம் தெரியும்போதெல்லாம் ஏஞ்சலின் ஷூ லேஸ் அவிழ்ந்தது. "டைம் சார்" என்று குனிவாள். மைதானம் மொத்தமும், கனவில் நிற்கிற மாதிரி, அப்படியே நிற்கும். விமானம் போனபின் பந்து போகும். ஸ்ட்ரைக்குக்கு அம்பயர் கை சரியாக உயரும்.

கடைசி இன்னிங்ஸ். ரெண்டு பக்கமும் சமம். மூன்று பேஸிலும் எதிராளிகள். ஃபரா கணக்கில் ரெண்டு ஸ்ட்ரைக், மூணு பால். இன்னொரு பால் விழுந்தால் மூன்றாவது பேஸில் நிற்பவள் நடந்தே உள்ளே வந்துவிடுவாள், அவர்களுக்கு ஒரு ரன், ஆட்டம் முடிந்தது. விமானம் வந்தது. லேஸ் அவிழ்ந்தது. விமானம் போனது. தோத்தாத்ரி சார் குனிந்து, ஃபராவை மட்டும் பார்த்தார்.

முழங்கால் உயரம். நடு பிளேட். பந்தைப் பிடிக்க ஏஞ்சலின் கிளவுஸ் அசையக்கூட வேண்டியிருக்கவில்லை.

"பால்," என்றார்.

தீபலட்சுமியின் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. எந்த மேஜை முன்னாலும் சொல்லாமல் விழுங்கிய அத்தனையும் தொண்டைக்கு வந்தது. அதற்குள் ஃபரா கிளவுஸைக் கழற்றி மலைப் பக்கம் திரும்பியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் எதிராளிகள் கூச்சல் போட்டார்கள். வானம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

"அக்கா," என்றாள் ஃபரா, தலையைக் குனியாமல். "பிளேனே இல்ல. இப்ப எதைப் பாக்கறது?"

கோட்டைத் தாண்டிய கால் பின்னால் வந்தது.

"தெரியலடி," என்றாள் தீபலட்சுமி. அவளும் மேலே பார்த்தாள். ஏஞ்சல் வந்து நின்று பார்த்தாள். மற்றவர்களும் வந்தார்கள். தோத்தாத்ரி சார் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தவர், இவர்கள் எல்லாரும் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, அவரும் நின்று வானத்தில் தேடினார்.

முதலில் சிரித்தது ஃபராதான்.

கேட்டில் உமர் பைக்கோடு நின்றிருந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். "இன்னாமா, கெலிச்சிட்டீங்களா?"

"தோத்துட்டோம் அத்தா. ஆனா அது ஸ்ட்ரைக்கு." பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "பசிக்குது."

உமர் வண்டியைக் கிளப்பாமல் தீபலட்சுமியைப் பார்த்தார். "நாளைக்கு இவளை எத்தினி மணிக்குக் கொண்டாந்து விடணும்?"