இரண்டாம் பந்தியில் மூன்றாவது ஆள்

எங்கள் கல்யாணத்துக்கு வந்த எண்ணூற்றுப் பதினான்கு பேரையும் அந்த நாடு ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டிருக்கிறது. இது மூன்றாவது வருஷம். எண்ணூற்றுப் பதின்மூன்று பேர் முடிந்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் முடிந்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் முன்வரிசையில் தூங்கிய என் சித்தப்பாவும் முடிந்துவிட்டார். அவருக்கு மட்டும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். தூங்குகிறவர்மேல் அவர்களுக்குத் தனி சந்தேகம்.

என் மனைவி இன்பவல்லி அந்த நாட்டில் நர்ஸ். கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளோடு போய் இருக்க விசா கேட்டேன். கல்யாணம் நிஜம்தானா என்று பார்க்க ஆல்பம் கேட்டார்கள். கொடுத்தேன். ஆல்பத்தில் இருப்பவர்களெல்லாம் யார் என்று கேட்டார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

மிச்சமிருப்பது ஒரே ஆள். இரண்டாம் பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறான். கட்டம்போட்ட சட்டை. இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருக்கும்போது போட்டோக்காரன் அவன் முகத்தில் விளக்கை அடித்திருக்கிறான். எங்கள் வீட்டில் கேட்டால் பெண் வீட்டார் என்கிறார்கள். பெண் வீட்டில் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்ளப் போகிறார்களே என்று பயந்து, என் மாமியார் தானே போய் நின்று அவனுக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்ற வைத்திருக்கிறார். மாப்பிள்ளையான எனக்கு ஒரு தடவைதான் கிடைத்தது.

விசா மையத்தின் வராந்தா நீண்டுகொண்டே போகிறது. முதல் வருஷம் ஒன்பதாம் கவுண்டர் நாற்பது அடி தூரம். இரண்டாம் வருஷம் கட்டுச்சோறு கொண்டுபோனேன். இப்போது உள்ளே ஷேர் ஆட்டோ ஓடுகிறது. இதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதில் மட்டும் ஒரு குறையும் வைப்பதில்லை.

ஒன்பதாம் கவுண்டரில் ஓர் அம்மாள். மார்பில் குத்தியிருக்கும் அட்டையில் ‘உதவுவதில் மகிழ்ச்சி’ என்று இருக்கும். பெயர் இருக்காது. மூன்று வருஷமாக என்னைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரி பார்ப்பார். அதற்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

வல்லியோடு பேசுவதும் கெட்டுப்போய்விட்டது. கோப்பு நகராத ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் குரல் இன்னும் கொஞ்சம் தாமதமாக வருகிறது. முதலில் இரண்டு வினாடி. பிறகு ஒரு நாள். இப்போது ஆடியில் கேட்டதற்கு ஐப்பசியில் பதில் வருகிறது. போன வாரம், “காய்ச்சல் விட்ருச்சா?” என்றாள். எந்தக் காய்ச்சல் என்று எனக்கு ஞாபகமில்லை. விட்டுவிட்டது என்றேன். அது அவளுக்குத் தை மாதம் கேட்கும். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதும் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இதைக் கவுண்டரில் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு படிவத்தை நீட்டுவார்கள்.

கட்டம்போட்ட சட்டைக்காரனை நானே தேடுவது என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்டவன் எங்கே கிடைப்பான்? பந்தியில்தான் கிடைப்பான். முகூர்த்த நாள் தவறாமல் போனேன். தாம்பரம், அம்பத்தூர், வடபழனி. சும்மா எட்டிப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு என்பேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு. ஒருவரும் மேலே கேட்டதில்லை. எல்லோரும் பயந்துபோய் இன்னொரு அப்பளம் வைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் பதினெட்டு கிலோ ஏறினேன். தாடி வளர்ந்தது. சட்டைகள் போதவில்லை. நடைபாதையில் புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் கட்டம் போட்டிருந்தது. என் அளவுக்கு அதுதான் இருந்தது.

வடபழனியில் ஒரு மண்டபத்தில் என் பக்கத்து இலையிலேயே அவன் உட்கார்ந்திருந்தான். பெயர் வேதரத்தினம் என்றான். எங்கள் கல்யாணத்துக்கு ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“என் கல்யாணத்துல ஒருத்தன் சாப்பிட்டான் சார். அவன் யாருன்னு கேக்குறாங்க. அவனத் தேடித்தான் வந்தேன்.”

“எத்தன வருஷமா?”

“பதினொண்ணு. ரசம் வருது, இலையப் பாருங்க.”

மறுநாளே அவனை விசா மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஷேர் ஆட்டோவில் இரண்டு மணி நேரம். கவுண்டர் அம்மாள் போட்டோவையும் அவனையும் பார்த்தார். ஆள் இவர்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இவர்மேலேயே சோதனை ஓடுகிறதாம். அது முடிந்தால்தான் என்னுடையது முடியுமாம். வேதரத்தினம் பழகிப்போனவன் மாதிரி தலையாட்டினான். அன்றைக்கு முகூர்த்த நாள் என்று கிளம்பிவிட்டான்.

இந்த அறிவாளிகளை நம்பி நான் கல்யாணம் செய்துகொண்டிருக்கக் கூடாது. திரும்பினேன். அம்மாள் கண்ணாடியைத் தட்டினார்.

“சார், ஒரு நிமிஷம். நீங்க நிறைய மண்டபம் போறீங்கன்னு அவர் சொன்னாரு. இவரத் தெரியுமா பாருங்க. நாப்பத்தோரு கோப்பு இவரால நிக்குது.”

ஒரு போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார். பந்தி. கட்டம்போட்ட சட்டை. தாடி. வாய் நிறைய ஜாங்கிரி. நான்தான்.

நான் அவருக்கு ஓர் அடி தூரத்தில் நின்றேன். அதே சட்டைதான் போட்டிருந்தேன். அவர் முதல் முறை மாதிரி பார்த்தார். அந்தக் கண்ணாடியை யாரும் துடைத்ததில்லை.

நாற்பத்தொரு பேர் எங்கெங்கோ உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வேதரத்தினத்தைத் திட்டிய வார்த்தைகள் ஞாபகம் வந்தன. நல்ல வார்த்தைகள் இல்லை.

அப்போது போன் அடித்தது. வல்லி. குரல் ஆடி மாதத்துக் குரல்.

“என்னங்க, இங்க ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு போட்டோ காட்டுனாங்க. பந்தியில உக்காந்து ஒருத்தன் தின்னுகிட்டு இருக்கான். குண்டா, தாடியும் அதுவுமா. இவன் உங்க ஆளான்னு கேட்டாங்க. நல்லாப் பாத்தேங்க. இவன நான் பாத்ததே இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நம்ம மேல தப்பு வரக்கூடாதுல்ல? இனிமே சீக்கிரம் ஆயிரும். சாப்பிட்டீங்களா?”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சாப்பிட்டேன்,” என்றேன். அது போய்ச் சேரட்டும்.

கவுண்டர் அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். போட்டோ இன்னும் கண்ணாடியில் இருந்தது. நானும் நல்லாப் பார்த்தேன்.

“பொண்ணு வீட்டு ஆளா இருக்கும்,” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.